தீப்பெட்டிப் பண்டிலுக்குள் ஒரு 24 இருக்கிறது, தெரியுமா?

சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டி பண்டில் கணக்கில் விலை போகிறது. ஒரு பண்டில் என்றால் 600 பெட்டி. 14 வருஷம் ஒரே ரூபாயில் நின்ற பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆனதே, அப்போது உற்பத்தியாளர்கள் பேசியதெல்லாம் இந்த 600 பெட்டிப் பண்டிலின் விலையைத்தான். பிரிட்டிஷ் அரசின் சுங்கவரிக் கணக்கோ வேறு மாதிரி. 1922-இல் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு விதித்த வரி குரோஸுக்கு ஒன்றரை ரூபாய். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. அதே 1922-இல்தான் சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொள்ளக் கல்கத்தாவுக்குப் போனார்கள். மறு வருஷம் திரும்பி வந்து தொழிலைத் தொடங்கினார்கள்.

இங்கே ஓர் எண் ஒளிந்திருக்கிறது. 600-ஐயும் 144-ஐயும் மீதி இல்லாமல் அளக்கக்கூடிய மிகப் பெரிய அடுக்கு எது? 24! குரோஸுக்குள் 6 அடுக்கு, பண்டிலுக்குள் 25 அடுக்கு. அதனால் 25 குரோஸும் 6 பண்டிலும் ஒரே சரக்கு. பெருக்கிப் பாருங்கள், இரண்டும் 3600 பெட்டி. பள்ளிக்கூடத்தில் மீப்பெரு பொது வகுத்தி, சுருக்கமாக மீ.பொ.வ. என்று கரும்பலகையில் எழுதிப் போட்ட கணக்கு இதுதான். பரீட்சையோடு முடிந்துபோன சமாசாரம் என்று நினைத்தீர்களா? விருதுநகர் மாவட்டத்தில் அது இல்லாத இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்!

இரண்டு எண்களின் மீ.பொ.வ.வைக் கண்டுபிடிக்க அவற்றின் காரணிகள் எதுவுமே தெரிந்திருக்க வேண்டாம், தெரியுமா? 600-ஐ 144-ஆல் வகுங்கள்; நான்கு முறை போய் மீதி 24. இப்போது 144-ஐ அந்த 24-ஆல் வகுங்கள்; ஆறு முறை, மீதி இல்லை. வேலை முடிந்தது, விடை 24. பெரியதைச் சிறியதால் வகு, வந்த மீதியால் சிறியதை வகு, மீதி பூஜ்யமாகும் வரை இதையே செய். கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் தன் நூலின் ஏழாம் பகுதியில் எழுதி வைத்த முறை இது. இரண்டாயிரத்து முந்நூறு வருஷமாக இதில் ஒரு திருகாணியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

வேகத்தைக் கேட்டால் தலை சுற்றும். பிரெஞ்சுக் கணிதர் காப்ரியேல் லாமே 1844-இல் ஓர் உச்சவரம்பை நிரூபித்தார். இரண்டில் சிறிய எண்ணுக்கு எத்தனை இலக்கமோ, அதைப் போல ஐந்து மடங்குக்கு மேல் வகுத்தல் தேவைப்படவே படாது! நூறு இலக்கம் கொண்ட இரண்டு எண்களைக் கொடுத்தாலும் 500 வகுத்தலுக்குள் விடை நிச்சயம். ஆனால் ஒரே ஒரு பெரிய எண்ணைக் காரணிகளாகப் பிரிப்பது எப்பேர்ப்பட்ட வேலை என்று பாருங்கள். 2020-இல் 250 இலக்க எண் ஒன்றைப் பிரித்தார்கள். கணினியின் ஒற்றைச் செயலகம் தனியாக உட்கார்ந்திருந்தால் சுமார் 2,700 வருஷம் ஆகியிருக்கும் வேலை அது. காரணி தேடுவது அவ்வளவு கஷ்டம், பொதுக் காரணி தேடுவது இவ்வளவு சுலபம்! கணிதத்தில் என்னை மிகவும் வியக்க வைக்கும் ஏற்றத்தாழ்வு இதுதான்.

தீபாவளிக்கு கிஃப்ட் பாக்ஸ் போடும் கணக்கைப் பாருங்கள். 672 புஸ்வாண பாக்கெட், 504 சக்கர பாக்கெட், 840 மத்தாப்பு பாக்கெட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஒரு பாக்கெட்கூட மிஞ்சக் கூடாது. அதிகபட்சம் எத்தனை பெட்டி போடலாம்? 672-ஐ 504-ஆல் வகுத்தால் மீதி 168. அந்த 168 மற்ற இரண்டையும் சுத்தமாக வகுத்துவிடுகிறது. ஆக 168 பெட்டி. ஒவ்வொன்றிலும் 4 புஸ்வாணம், 3 சக்கரம், 5 மத்தாப்பு.

விலைப்பட்டியலை இன்னும் கொஞ்சம் கீழே பாருங்கள். வானத்தில் வெடிக்கும் ஷாட் வகைகளில் 60 ஷாட், 120 ஷாட், 240 ஷாட் என்று வரிசையாக இருக்கும். இந்த மூன்று எண்களும் ராமானுஜன் 1915-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையின் பட்டியலில் இருப்பவை, தெரியுமா? தன்னைவிடச் சிறிய எந்த எண்ணைவிடவும் அதிக வகுத்திகள் உள்ள எண்களை அவர் அதில் ஆராய்ந்தார். 60-க்கு 12 வகுத்தி, 120-க்கு 16, 240-க்கு 20. பல விதமாக அடுக்கினாலும் மிச்சமில்லாமல் அடங்கும் எண்கள் இவை.

அச்சகத்துக்குள் போவோம். சிவகாசியில் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் லேபிள் அடிக்கத் தொடங்கிய அச்சுத் தொழில் இன்று நாட்டுக்கே காலண்டரும் டைரியும் நோட்டுப் புத்தகமும் அடிக்கிறது. அங்கே புழங்கும் பேப்பர் அளவுகளில் இரண்டு: 20-க்கு 30 அங்குல டபுள் கிரவுன், 23-க்கு 36 அங்குல டபுள் டெமி. டபுள் கிரவுன் ஷீட்டை ஒரே அளவுச் சதுரங்களாக, துண்டு விழாமல் வெட்ட வேண்டுமென்றால் 10 அங்குலச் சதுரம் ஆறு கிடைக்கும். 20-க்கும் 30-க்கும் மீ.பொ.வ. 10. டபுள் டெமியில் அதே வேலையைச் செய்து பாருங்கள். 23 பகா எண், 36-இல் அது போகாது. மீ.பொ.வ. வெறும் 1. ஓர் அங்குலச் சதுரமாக 828 துண்டு போட்டால்தான் உண்டு!

சதுரங்கள் ஒரே அளவில் இருக்க வேண்டாம் என்று விட்டுவிட்டால் என்ன ஆகும்? பழைய டபுள் டெமி ஷீட் ஒன்றும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொள்ளுங்கள். வெட்ட முடிந்த மிகப் பெரிய சதுரத்தை வெட்டுங்கள்: 23 அங்குலச் சதுரம் ஒன்று. மிச்சம் 23-க்கு 13. அதில் 13 அங்குலச் சதுரம் ஒன்று. மிச்சம் 13-க்கு 10. அதில் 10 அங்குலச் சதுரம் ஒன்று. மிச்சம் 10-க்கு 3. அதில் 3 அங்குலச் சதுரம் மூன்று. மிச்சம் 3-க்கு 1. கடைசியாக ஓர் அங்குலச் சதுரம் மூன்று. மொத்தம் ஒன்பதே சதுரம், ஷீட் காலி! கையில் கத்தரிக்கோலோடு நீங்கள் செய்து முடித்தது யூக்ளிட்டின் வகுத்தலை. கடைசியாக விழுந்த சதுரத்தின் பக்கம்தான் மீ.பொ.வ. ஒவ்வோர் அளவிலும் எத்தனை சதுரம் விழுந்தது? 1, 1, 1, 3, 3. இந்த மாதிரி எண்வரிசையை மறந்துவிடாதீர்கள், சந்திரனிடம் போகும்போது தேவைப்படும்.

காலண்டர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஆடிப்பெருக்கு வந்தால் சிவகாசியில் அடுத்த வருஷத்துக்கான காலண்டர் மாதிரி ஆல்பங்கள் வெளிவரும். புதுசு வாங்கும் முன் பரணில் தேடிப் பாருங்கள். 1998-ஆம் வருஷத்துக் காலண்டர் இருந்தால் அதன் தேதியும் கிழமையும் 2026-க்கு அப்படியே பொருந்தும், தெரியுமா? லீப் வருஷம் நான்கு வருஷத்துக்கு ஒருமுறை, கிழமை ஏழு. நான்குக்கும் ஏழுக்கும் பொதுக் காரணி 1-ஐத் தவிர எதுவும் இல்லை. அதனால் இரண்டும் கூடித் திரும்ப நான்கு ஏழு இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. 1901 முதல் 2099 வரை இந்தக் கணக்கு தவறாது. தமிழ் வருஷங்கள் அறுபதும் இதே குடும்பம்தான். வியாழன் சுற்றி வர ஏறத்தாழ 12 வருஷம், சனிக்கு ஏறத்தாழ 30. பெருக்கினால் 360, மீ.பொ.வ. 6-ஆல் வகுத்தால் 60. பிரபவ முதல் அட்சய வரை ஒரு வட்டம். அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ளும் தம்பதியின் தலைக்கு மேல் இந்த இரண்டு கிரகமும் ஏறத்தாழப் பழைய இடத்துக்கே வந்து நிற்கின்றன!

இனி சந்திரன். இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. சந்திரன் பூமிக்கு மிக நெருங்கி வந்த நிலையிலிருந்து மறுபடி அதே நெருக்கத்துக்கு வர 27.55455 நாள் ஆகிறது. நெருங்கும்போது வேகமாகவும் விலகும்போது மெதுவாகவும் போகும். இந்த வேக மாற்றத்தைக் கணக்கில் கொண்டால்தான் திதியும் நட்சத்திரமும் கிரகணமும் சரியாக வரும். ஆனால் நாளோ முழு எண், சுற்றோ பின்னம். எத்தனை நாளில் இரண்டும் ஒத்துப்போகும்?

ஷீட்டை வெட்டிய அதே வேலைதான். 27.55455-க்குள் 1 இருபத்தேழு முறை போகிறது. மீதியால் 1-ஐ வகுத்தால் ஒரு முறை. அடுத்த மீதிக்கு ஒரு முறை, அதற்கடுத்து நான்கு, அதற்கடுத்து பன்னிரண்டு. 27, 1, 1, 4, 12. முதல் நான்கு எண்களைப் பின்னோக்கிக் கோத்தால் என்ன வருகிறது தெரியுமா? 9 சுற்றுக்கு 248 நாள்! ஐந்தாவதையும் சேர்த்தால் 110 சுற்றுக்கு 3031 நாள். 3031 நாளில் வரும் பிசகு ஒரு நிமிடம்கூட இல்லை. 248, 3031 இரண்டும் வாக்கியப் பஞ்சாங்கத்தின் அஸ்திவாரக் கற்கள். 248 நாளுக்கும் சந்திரன் எங்கே இருக்கும் என்பதை 248 வாக்கியங்களாகக் கட்டி, எழுத்துக்கு எழுத்து எண்ணை ஒளித்து, மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். இப்படி மாறி மாறி வகுத்துப் பின்னோக்கிக் கோக்கும் முறைக்குக் குட்டகம் என்று பெயர். கி.பி. 499-இல் எழுதிய ஆரியபட்டீயத்தில், கணிதபாதத்தின் கடைசி இரண்டு சுலோகங்களில் ஆரியபட்டர் அதைச் சொல்லி வைத்திருக்கிறார்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர், தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமான வாய்ப்பாடுகளை மட்டும் வைத்துக்கொண்டு, 1825 மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். பேனா இல்லை, தாள் இல்லை! கிரகணம் பிடிக்கும் நேரத்தில் அவர் கணக்கு பிசகியது நான்கே நிமிடம். நடுப்பகுதிக்கும் விடும் நேரத்துக்கும் பிசகு அதைவிடக் கூடுதல்தான் என்றாலும், சோழிக்கு இது சாதாரணம் இல்லை. ஜான் வாரன் என்ற அதிகாரி இதைத் தன் காலசங்கலிதம் நூலில் பதிவு செய்தார். விஞ்ஞான வரலாற்று அறிஞர் ஓட்டோ நியூகெபவர் 1952-இல் அந்தப் பதிவைத் தேடி எடுத்து, தமிழர் வானியல் என்ற தலைப்பிலேயே ஆய்வுக் கட்டுரை எழுதினார். திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி நாளை இன்றும் குறிப்பது வாக்கியப் பஞ்சாங்கம்தான்.

வாசலுக்கு வாருங்கள். சிக்குக் கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு ஒரு சவால். நேர்ப்புள்ளியில் ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிச் சுற்றி, ஓரத்தில் மட்டும் திரும்பி வருகிற மாதிரிச் சாதாரண சிக்கு இழையுங்கள். இழை தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும், ஆனால் கோலம் முடிந்திருக்காது. கையை எடுத்து இன்னோர் இழை தொடங்க வேண்டும். அப்படி மொத்தம் ஐந்து இழை. இப்போது ஐந்துக்கு ஏழு புள்ளி வையுங்கள். கையை எடுக்காமல் ஒரே இழையில் மொத்தக் கோலமும் முடிந்துவிடும்! நான்குக்கு ஆறு வைத்தால் இரண்டு இழை. ஆறுக்கு ஒன்பது வைத்தால் மூன்று. விடை என்ன என்று இதற்குள் பிடித்திருப்பீர்கள். இழைகளின் எண்ணிக்கை எப்போதும் புள்ளி எண்ணிக்கைகளின் மீ.பொ.வ.!

காரணமும் அழகானது. இழை சாய்வாக ஓடும்போது பக்கவாட்டிலும் மேல்வாட்டிலும் சேர்ந்தே நகர்கிறது. இரண்டு திசையிலும் ஒரே நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பினால்தான் இழை மூடும். அதற்கு ஆகும் நீளத்தை முடிவு செய்வது இரண்டு எண்களின் மீச்சிறு பொது மடங்கு. கோலத்தின் மொத்த நீளத்தை முடிவு செய்வதோ இரண்டின் பெருக்குத்தொகை. பெருக்குத்தொகையை மீச்சிறு பொது மடங்கால் வகுத்தால் மீ.பொ.வ. வந்தே தீரும். ஆப்பிரிக்காவில் அங்கோலாவின் சோக்வே மக்கள் மணலில் புள்ளி வைத்து வரையும் சோனா ஓவியங்களிலும் இதே விதி இருப்பதை மொசாம்பிக்கில் பணியாற்றிய கணிதர் பாலஸ் கெர்டஸ் விரிவாக எழுதியிருக்கிறார். நம் பக்கத்தில், தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-இலேயே கோலத்துக்குக் கணினி இலக்கணம் எழுதி உலக ஆய்விதழில் வெளியிட்டார்கள். மார்கழிக் காலையில் தெருவையே அடைத்துக் கோலம் போடும் பெண்கள் எந்தப் புள்ளிக்கு எத்தனை இழை என்று கையிலேயே வைத்திருக்கும் அறிவை, கணிதம் என்றே நான் சொல்வேன்.

இன்னொன்று சட்டென்று. இணையத்தில் தகவலை மறைத்துக் காக்கும் பூட்டுகள் பல, இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கிச் செய்தவை. பிரித்தெடுப்பது நடக்காத காரியம் என்ற நம்பிக்கையில்தான் அவை பூட்டாக நிற்கின்றன. 2012-இல் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் லட்சக்கணக்கான பூட்டுகளைச் சேகரித்து, எதையும் பிரிக்க முயலாமல், ஒன்றோடு ஒன்றுக்கு மீ.பொ.வ. மட்டும் பார்த்தன. ஆயிரக்கணக்கான பூட்டுகள் திறந்துகொண்டன! மோசமாகத் தயாரித்த கருவிகள் சில, ஒரே பகா எண்ணை இரண்டு பூட்டுக்குப் போட்டிருந்தன. அந்தப் பகா எண்தான் இரண்டுக்கும் மீ.பொ.வ.; யூக்ளிட்டின் வகுத்தல் அதை நொடியில் வெளியே இழுத்துப் போட்டுவிட்டது.

மீ.பொ.வ.வையே எடுத்து வைத்துக்கொண்டு புதுக் கணிதம் செய்தவர் நம் ஊர் ரயில் பாதையிலேயே பிறந்தவர், தெரியுமா? விருதுநகரில் ஏறி, சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில் தாண்டி, தென்காசியில் இறங்கினால் பக்கத்தில் குற்றாலம், அதற்குப் பக்கத்தில் வல்லம். 1901 ஏப்ரல் 5-ஆம் தேதி அங்கே பிறந்தார் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. ஒரு வயதில் தாயை இழந்தார், பள்ளிப் படிப்பு முடியும் முன் தந்தையையும் இழந்தார். செங்கோட்டைப் பள்ளியின் ஆசிரியர் ஒருவர் கைகொடுத்ததால்தான் படிப்பு தொடர்ந்தது. 1929 முதல் பன்னிரண்டு வருஷம் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். வாரிங் புதிர் என்று உலகமே மண்டையை உடைத்துக்கொண்டிருந்த கணக்கில், எந்த எண்ணையும் 73 ஆறாம் அடுக்குகளின் கூட்டாக எழுதிவிடலாம், அதற்குக் குறைந்தால் போதாது என்று 1940-இல் நிரூபித்தவர் அவர். ராமானுஜன் பெயர் தெரியாத பிள்ளை இந்த மாவட்டத்தில் இல்லை. சிவசங்கரநாராயண பிள்ளை பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? எனக்கு இது உண்மையிலேயே வருத்தம்.

1933-இல் அவர் ஒரு கேள்வி கேட்டார். ஓர் எண்ணை எடு. 1 முதல் அந்த எண் வரை ஒவ்வொன்றோடும் அதன் மீ.பொ.வ.வைக் கண்டு எல்லாவற்றையும் கூட்டு, என்ன வரும்? 12-க்குச் செய்து பாருங்கள்: 1, 2, 3, 4, 1, 6, 1, 4, 3, 2, 1, 12. கூட்டினால் 40. இப்போது 3-க்குச் செய்தால் 1, 1, 3, கூட்டு 5. 4-க்குச் செய்தால் 1, 2, 1, 4, கூட்டு 8. ஐந்தெட்டு நாற்பது! 3-ஐயும் 4-ஐயும் பெருக்கினால் 12. அவற்றின் கூட்டுத்தொகைகளைப் பெருக்கினால் 12-இன் கூட்டுத்தொகை. பொதுக் காரணி இல்லாத எந்த இரண்டு எண்ணுக்கும் இது நடக்கும். உலகக் கணித நூல்களில் இன்று இதற்குப் பிள்ளையின் சார்பு என்றே பெயர்.

பிரின்ஸ்டனில் ஒரு வருஷம் ஆராய்ச்சி செய்ய அழைப்பு வந்து, ஹார்வர்டில் நடக்கவிருந்த சர்வதேசக் கணித மாநாட்டுக்கும் சேர்த்துப் புறப்பட்டவர், 1950 ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார். வயது 49.

அவர் விட்டுப்போனதில் ஒன்றை நீங்களே சோதிக்கலாம். அடுத்தடுத்து வரும் எண்களைக் கொஞ்சம் எடுங்கள். அவற்றில் குறைந்தது ஓர் எண்ணாவது மற்ற எல்லாவற்றோடும் மீ.பொ.வ. 1 ஆக, யாரோடும் ஒட்டாமல் தனித்து நிற்கும். 2 எடுத்தாலும் சரி, 10 எடுத்தாலும் சரி, 16 எடுத்தாலும் சரி, எங்கிருந்து தொடங்கினாலும் சரி, இது தவறவே தவறாது என்று பிள்ளை நிரூபித்தார். 17-இல் உடைகிறது! 2184 முதல் 2200 வரை எழுதிப் பாருங்கள். இரட்டை எண்களை விடுங்கள், அவற்றுக்கு 2 பொது. 2187, 2193, 2199 மூன்றுக்கும் 3 பொது. 2185-க்கும் 2195-க்கும் 5 பொது. 2191 தனித்து நிற்கும் போல இருக்கிறதா? 2184-ஓடு 7-ஐப் பங்கு போடுகிறது. 2197 என்பது 13-இன் கனம். அதே 2184-க்குள் 13-உம் உட்கார்ந்திருக்கிறது. மிச்சம் 2189 ஒன்றுதான். அது 11 பெருக்கல் 199. வரிசையின் கடைசியில் 2200, 11 பெருக்கல் 200. பதினேழில் ஒன்றுகூடத் தப்பவில்லை. 17 முதல் 430 வரை எல்லா நீளத்துக்கும் இப்படி ஒரு வரிசை உண்டு என்று பிள்ளை காட்டினார். 1941-இல் ஆல்பிரட் பிரவுர் 17-க்கு மேல் எந்த நீளத்துக்கும் உண்டு என்று நிரூபித்து அந்தக் கணக்கை முடித்து வைத்தார்.